நான்காம் மாடி வரை நடந்தே ஏறிய ஆசிரியருக்கு

பள்ளி வாசலுக்குள் வந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதோடு பணி முடிந்தது என்று இராமல், அவர்கள் புறப்பட்டு வந்த வாசல்களையும் தேடிப் போய் நின்ற பெருந்தகையே, அரும்புகளின் அகம் அறிய அவர்தம் இல்லம் அறிந்த அன்புள்ளமே, சுண்ணக்கட்டி பிடித்த கை சோர்ந்த நாளிலும் சந்து சந்தாய் நடந்த கால் சோராத செயல்வீரரே, இரண்டாம் வகுப்பின் இணையில்லா இறைவியே, எங்கள் எல்லோருக்கும் மூத்தவரே, வணக்கம்.

மேற்கண்ட பத்தியை எழுதியவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். அவரிடம் இதே தரத்தில் இன்னும் இரண்டு பக்கம் தயாராக இருந்தது. கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் அளவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியதால், மிச்சத்தை நயமாகப் பேசி வாங்கி வைத்துக்கொண்டோம். அதில் நீங்கள் நான்கு இடங்களில் நிலவாகவும் ஓரிடத்தில் கலங்கரை விளக்கமாகவும் வருகிறீர்கள். தேநீர் வேளையில் படித்துக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கள் இப்பள்ளியில் ஆற்றிய தொண்டினை அடுக்கடுக்காய் எடுத்துரைக்கவே நாங்கள் உட்கார்ந்தோம். எழுதப் பழகாத விரல்களுக்கு எழுத்தைக் காட்டியதும், எண்ணப் பழகாத வாய்களுக்கு எண்ணைக் கொடுத்ததும், அழுதுகொண்டு வந்த குழந்தை சிரித்துக்கொண்டு போகும் வரை மணியடித்த பின்னும் வகுப்பில் காத்திருந்ததும் உங்கள் சிறப்புகளே. குரல் உயர்த்தாமல் ஒரு வகுப்பையே அடக்கிய உங்கள் ஆற்றலைப் பக்கத்து அறைகளில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நாங்கள் பொறாமையோடு பார்த்திருக்கிறோம். குடைகளைக் கண்ட இடத்தில் மறந்துவிட்டு வரும் உங்கள் மற்றொரு ஆற்றலையும் பார்த்திருக்கிறோம். ஆனால் இவை எல்லாம் நல்லாசிரியர் பலருக்கும் பொருந்தும் புகழ்மொழிகள். உங்களுக்கு மட்டும் பொருந்துவது ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இந்த மடல்.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த சில நாட்களில், புது வகுப்பின் பெயர்கள் நாக்கில் படியும் முன்பே, மாலையில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதாவதொரு பிள்ளையின் வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். நாங்கள் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேசுகிறவர்கள். வரவழைக்கப்பட்ட பெற்றோர் எப்படி இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, வெளியே போனதும் பிள்ளையின் காதைத் திருகுவார்கள். நீங்கள் போன வீடுகளில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, துணி பாதி மடித்தபடி கிடந்தது, வீட்டார் வீட்டாராகவே இருந்தார்கள்.

அந்த வீடுகளில் நீங்கள் வைத்திருந்த நடைமுறை எங்கும் நாங்கள் கேள்விப்படாதது. உள்ளே போனதும் உட்கார மாட்டீர்கள். தாய் நாற்காலியை இழுத்துப் போடுவார், தகப்பன் மின்விசிறியைச் சுழற்றுவார், இருவரும் ஒரே மூச்சில் பிள்ளையின் குறைகளை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். நீங்கள் கையைக் காட்டி நிறுத்திவிடுவீர்கள். "நீங்க அப்புறம் சொல்லுங்க. முதல்ல குழந்தை சொல்லட்டும்" என்பீர்கள். பிறகு அந்தப் பொடிசிடம் குனிந்து, "நான் இந்த வீட்டுக்குப் புதுசு. எனக்கு இங்க யாரையும் தெரியாது. யார் யார் இருக்காங்கன்னு நீதான் எனக்கு அறிமுகம் பண்ணி வைக்கணும்" என்பீர்கள். அறிமுகம் முடியும் வரை நிற்பீர்கள்.

பிள்ளைகள் அறிமுகம் செய்ததையெல்லாம் நீங்கள் ஓய்வறையில் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். ஒருவன் குளிர்சாதனப் பெட்டியை அறிமுகம் செய்தான், அது இரவில் அவனோடு பேசுகிறதாம். இன்னொருத்தி, "இவரு எப்பவும் தூங்குவாரு" என்று இரவுப் பணிக்குப் போகும் தந்தையைக் காட்டினாள். பக்கத்து வீட்டு நாயைக் கூட்டி வந்து குடும்பத்தில் சேர்த்தவனும் உண்டு. ஒவ்வொருவரைக் காட்டும்போதும் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். "இவங்களை நீ எப்படிக் கூப்பிடுவே?" பிள்ளை என்ன சொல்கிறதோ, அன்று முதல் நீங்களும் அதையே சொல்லிக் கூப்பிடுவீர்கள். மீசையும் தொப்பையுமாக ஊரையே மிரட்டும் காவல் ஆய்வாளர் ஒருவரைப் பெற்றோர் கூட்டத்தில், "புஜ்ஜிப்பா, நீங்க முன்னாடி வந்து உட்காருங்க" என்று நீங்கள் அழைத்ததும், அந்தப் பெரிய மனிதர் காது சிவக்க எழுந்து வந்ததும் இப்பள்ளியின் வரலாற்றில் அழியாத பக்கம்.

அந்தக் கேள்விக்குப் பயந்து உங்களிடம் பொய் சொன்ன ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கதையின் பாதியை நீங்களே எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் மடத்தனத்துக்கு ஓர் உதாரணமாக. மறுபாதியை அவர் போன வாரம்தான் சொன்னார். உங்கள் ஓய்வுச் செய்தி கேட்டு வந்து, ஓய்வறை வாசலில் தயங்கி நின்றவரை நாங்கள்தான் உள்ளே இழுத்து உட்கார வைத்தோம். இரண்டு பாதியையும் சேர்த்து, அவர் பக்கமிருந்து இங்கே சொல்கிறோம். பொறுத்தருளுங்கள்.

மைனா என்று வீட்டில் செல்லமாகக் கூப்பிடப்பட்ட சிறுமி அப்போது உங்கள் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவள் நடக்கப் பழகும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைத்தவர். மெக்கானிக் அந்தத் தாயைத் திருமணம் செய்துகொண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. பள்ளிப் பதிவில் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை, உங்களுக்கும் தெரியாது.

மைனா அவரோடு முகம் கோணியதில்லை. அவர் தட்டில் போட்டால் சாப்பிடுவாள். தாய்க்கு வேலை மும்முரமாக இருக்கும் காலைகளில் அவர் ஜடை பின்னிவிடுவார், அது எந்தப் பக்கம் கோணிக்கொண்டு நின்றாலும் அப்படியே பள்ளிக்கு வருவாள். ஆனால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்பாள், பார்த்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவாள். "அப்பான்னு கூப்பிட்டா என்னடி குறைஞ்சு போயிடுவே?" என்று தாய் ஒருமுறை அதட்டப் போக, மெக்கானிக் தடுத்துவிட்டார். "விடு, வற்புறுத்தாதே. அவளுக்கா தோணினா கூப்பிடட்டும்."

வாயால் அப்படிச் சொன்னாரே தவிர, மனது கேட்கவில்லை. அவர் வேலை பார்க்கும் கட்டடங்களில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் தகப்பனை ஏலம் போடுவதுபோல் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே திருப்புளியைத் திருகுவாராம். தனக்குப் பிறக்காத மகளாக இருந்தாலும் அவர் மனதில் அவள் எப்போதோ மகளாகிவிட்டாள். அவள் மனதில் தான் யார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில் நீங்கள் வீட்டுக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. உங்கள் அறிமுகச் சடங்கையும் கேள்வியையும் அவர் அதே குடியிருப்பில் இருந்த காவல் ஆய்வாளர் வாயிலாகவே கேட்டிருந்தார். "புது ஆள் எதிர்ல திடீர்னு கேட்டா குழந்தை என்ன பண்ணும்? வாயில வந்ததைச் சொல்லும். அங்கிள்னு சொல்லிடுச்சுன்னு வைங்க, டீச்சரும் அங்கிள்னுதான் கூப்பிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் நான் அங்கிள்தான்" என்று எங்களிடம் சொன்னார். இதைச் சொல்லும்போதுகூட அவர் சிரிக்கவில்லை.

மனைவியிடம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அன்று மாலை அந்த மனிதர் செய்த காரியம் இது. தன் குடியிருப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த நல்ல லிஃப்டை நிறுத்தினார். கீழே 'பழுது' அட்டையை மாட்டினார். நான்காம் மாடி வீடு வரை படியேற வேண்டும் என்றதும் நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள் என்பது அவர் கணக்கு. உங்கள் முழங்கால் வலி ஊரறிந்த விஷயம், உங்கள் பிடிவாதம்தான் அவருக்குத் தெரியாது. கருவிப் பெட்டியைத் திறந்து மூன்றாம் மாடிப் படியில் கடை பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் இருக்கத் தைரியமில்லை, தூரப் போக மனமும் இல்லை. மேலே என்ன பேசுகிறார்கள் என்று அந்த இடத்தில் காதில் விழும். பையும் கையுமாக ஏறிவந்த குடித்தனக்காரர் ஒருவர், "காலையில நல்லாத்தானே ஓடிச்சு?" என்று முறைத்தார். "நல்லா ஓடறப்பவே பார்த்துடணும் சார்" என்று இவர் சமாளித்தார்.

நீங்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்து, அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தீர்கள். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப தம்பி இது சரியாகும்?" என்றீர்கள்.

"ஆயிடும் டீச்சர். பார்த்துக்கிட்டே இருக்கேன்."

நீங்கள் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என உங்களுக்குத் தோன்றவே இல்லை. மூச்சு வாங்குகிறவருக்கு அதெல்லாம் தோன்றாது. "மேல ஒரு தையல்காரம்மா வீடு இருக்கில்ல, அந்தப் பொண்ணு என் வகுப்புதான். வாயே திறக்க மாட்டேங்குது. மனசுல என்ன இருக்குன்னே தெரியல" என்றீர்கள், சும்மா பேச்சுக்கு.

ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நினைத்திருந்தவருக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. "யாரு, மைனாவா? அது நல்லாப் பேசுமே டீச்சர். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேட்டாத்தான் வாயை மூடிக்கும். ஒரு தடவை கேட்டுட்டுச் சும்மா இருக்கணும், தானா வரும்" என்றார். ஆரம்பித்தது நிற்கவில்லை. அவள் லிஃப்டில் மூலையோடு ஒட்டி நிற்பதைச் சொன்னார். கயிறு அறுந்துவிடும் என்ற பயத்தில் இருந்தவளை மேலே இயந்திர அறைக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு கயிறாகக் காட்டியதைச் சொல்லவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "யாரோ காட்டினாங்களாம்" என்று முடித்தார். ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு தூங்குவாள், சீவும்போது வரும் சுருளுக்காகவே பென்சிலைத் தீர்த்துவிடுவாள் என்றார். "பதில் தெரியாம மாட்டிக்கிட்டா வலது காதைப் பிடிச்சுக்கும் டீச்சர். அப்ப மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க. அழுகை தொண்டையில நிக்கிற நேரம் அது."

நீங்கள் எழுந்தீர்கள். முகம் மாறியிருந்ததை அவர் பார்த்தார், காரணம்தான் புரியவில்லை. மெதுவாக மேலே ஏறினீர்கள்.

கதவு திறந்ததும் வழக்கம்போல் தாயைக் கையமர்த்திவிட்டு மைனாவைக் கேட்டீர்கள். படியில் இருந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "இது அம்மா" என்றாள். "இது தையல் மிஷின். இது ஜன்னல், இங்க புறா வரும்" என்றாள். "வேற யாரு இருக்காங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் கையில் இருந்த ஸ்பானரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவ்ளோதான்" என்றாள் மைனா.

ஸ்பானரைப் பெட்டியில் வைத்து மூடினாராம். எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கூப்பிட ஒரு வார்த்தை இல்லாத ஆளைக் குழந்தை என்னவென்று காட்டும் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த நேரத்தில் உறைக்கவில்லை. வீட்டில் தனக்கு இடமில்லை என்பது மட்டும்தான் உறைத்தது.

அதற்குள் உங்கள் குரல் தாழ்ந்து கேட்டது. "ஏம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. கீழே படியில லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. உங்க பொண்ணைப் பத்தி அவருக்கு எல்லாமே தெரியுது. எப்படித் தூங்கும்ங்கிறதுகூடத் தெரியுது. வெளியாளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? பெண் குழந்தை, கொஞ்சம் கவனமா இருங்க."

படியில் இருந்தவருக்கு முதலில் ரத்தம் தலைக்கேறியது. அடுத்த கணமே, சரிதானே என்று தோன்றிவிட்டது. "என் பொண்ணைப் பத்தி எவனோ இவ்வளவு தெரிஞ்சு வச்சிருந்தா நானும் இதைத்தானே கேட்டிருப்பேன்" என்றார் எங்களிடம். அவர் கோபம் அத்தோடு போய்விட்டது.

மேலே தாய் சிரிப்பும் அழுகையுமாகத் திணறிக்கொண்டிருந்தபோது, பள்ளியில் நாங்கள் யாரும் கேட்டிராத பெரிய குரலில் மைனா பேசினாள். "அவரு வெளியாள் இல்ல டீச்சர்."

சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்தாள். படியின் உச்சியில் நின்று கீழே பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட வாயில் ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, எப்போதும்போல் அவர் எதிரில் நின்றாள். அவர் ஏற்கனவே நிமிர்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் படிந்த விரல் ஒன்றைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய் உங்கள் முன்னால் நிறுத்தினாள்.

"இவரும் எங்க வீடுதான். லிஃப்ட் விழாதுன்னு எனக்குக் காட்டினாரு. ஜடை கோணலாப் போடுவாரு, ஆனா வலிக்காது. ஏன் படியில உட்கார்ந்திருக்காருன்னு எனக்குத் தெரியாது."

இதுவரை நடந்ததை நீங்களே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பெற்ற தகப்பனுக்குக் குறையாத ஒரு மனிதரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்த கதையாக. நீங்கள் சொல்லாமல் விட்டது இனிமேல் வருவது.

அறிமுகம் முடிந்ததும் உங்கள் வாய் திறந்தது. அடுத்து என்ன வரும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். தாய்க்கும் தெரியும். மைனாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கை வலது காதுக்குப் போனது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். கால் நூற்றாண்டாக ஒரு வீட்டிலும் கேட்காமல் விடாத கேள்வியை வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொண்டீர்கள்.

"சரி, எல்லாரையும் பார்த்தாச்சு. இப்ப நான் உட்காரலாமா?" என்றீர்கள். மைனா காதை விட்டுவிட்டு உங்களுக்கு நாற்காலி எடுக்கப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும், "என்னை மன்னிச்சிடுங்க தம்பி" என்று நீங்கள் கைகூப்ப, அவர் பதறிப்போய், "ஐயோ டீச்சர், நீங்க கேட்டது சரிதான். லிஃப்டை நிறுத்தினது நான்தான்" என்று உளறி மாட்டிக்கொண்டது தனிக்கதை. திரும்பும்போது நீங்கள் லிஃப்டில் இறங்கினீர்கள்.

அதன் பிறகு மைனா அவரை எப்போது கூப்பிட்டாள் என்று நாங்கள் ஆவலோடு கேட்டோம். ஏதோ ஒரு பெரிய நாளை எதிர்பார்த்தோம். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "நிஜமாவே ஞாபகம் இல்லைங்க. ஒரு நாள் பார்த்தா கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. எத்தனை நாளாக் கூப்பிடறான்னே எனக்குத் தெரியல" என்றார். பிறகு சொன்னார். "அன்னிக்கு டீச்சர் கேட்டிருந்தா எனக்கு ஏதாவது ஒரு பேர் கிடைச்சிருக்கும். கேட்காததாலதான் இது கிடைச்சது. அதை அவங்களுக்கு இதுவரைக்கும் சொல்லல. நீங்க எழுதிடுங்க."

எழுதிவிட்டோம். ஓய்வறையில் அன்று, நிலவும் கலங்கரை விளக்கமும் எழுதிய ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார் என்பதையும் சேர்த்து எழுதுகிறோம்.

அருமை ஆசிரியரே, குழந்தைகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் எங்களில் பலர் உண்டு. கேட்காமல் இருக்க வேண்டிய இடம் தெரிந்தவர் நீங்கள் ஒருவரே. நாளை முதல் இரண்டாம் வகுப்பில் உங்கள் குரல் இருக்காது என்பதை நினைத்தால் எங்களுக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது, அதை அலங்காரம் செய்யத் தெரியவில்லை. முழங்கால் வலி தணிந்து, கண்ணொளி குன்றாது, பசித்த நேரத்தில் உணவும் படுத்த நேரத்தில் உறக்கமும் தவறாது, சுற்றமும் நட்பும் சூழ்ந்திருக்க, நீங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
தலைமையாசிரியர், ஆசிரியர்கள்,
அலுவலகப் பணியாளர்கள், காவலாளி,

தானும் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டு, ஓர் ஓரமாக,
மைனாவின் அப்பா.